அப்பாவான வீரரை ரசிகர்கள் எப்படி வாழ்த்துவது?

கேள்வி இது: நாங்கள் கொண்டாடும் அணியின் முன்கள வீரருக்கு முதல் குழந்தை பிறந்திருக்கிறது. பேனர் கட்டி வாழ்த்தலாம் என்று ரசிகர் குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அது அவர் வீட்டு விஷயம், நமக்கென்ன என்கிறார்கள் மீதிப் பேர். அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரமாட்டார் என்று தெரிந்ததும் சிலருக்கு முகமே மாறிவிட்டது. வாழ்த்துவது சரியா? சரியென்றால் எப்படி?

சரிதான், தாராளமாக வாழ்த்துங்கள். ஆண்டுக்கணக்காக ஒருவருடைய பெயரைத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறோம். அவர் கால் முறிந்தபோது கலங்கியிருக்கிறோம். அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளில் மட்டும் நமக்கு வாய் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் ஒன்று: அந்த வாழ்த்துக்குள் வைத்து அவரிடம் எதையும் கேட்காதீர்கள். கோல் வேண்டாம், கோப்பை வேண்டாம், ‘சீக்கிரம் வந்துவிடுங்கள்’ கூட வேண்டாம். கேள்வியில் அந்த மூன்றாவது கூட்டத்தையும் சொல்லியிருக்கிறீர்களே, முகம் சுளித்தவர்கள், அவர்களை மனதில் வைத்துத்தான் இதை நீளமாக எழுதுகிறேன்.

கால்பந்தில் அப்பாவானதைக் கொண்டாடும் காட்சி என்றதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் நினைவுக்கு வரும். 1994 ஜூலை 9, அமெரிக்காவின் டாலஸ் நகரில் காட்டன் பௌல் மைதானம். உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரேசிலும் நெதர்லாந்தும் மோதுகின்றன. 63-ஆவது நிமிடத்தில் பிரேசிலின் பெபெட்டோ இரண்டாவது கோலைப் போட்டுவிட்டுக் கோட்டோரம் ஓடுகிறார். இரண்டு கைகளையும் சேர்த்துத் தொட்டில்போல் இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். ஒரு பக்கம் ரொமாரியோவும் மறுபக்கம் மசீனியோவும் வந்து சேர்ந்துகொள்ள, மூவரும் ஒரே தாளத்தில் தாலாட்டுகிறார்கள். பிரேசில் 3–2 என்று வென்றது. அந்தக் கோப்பையையும் வென்றது. இன்று எந்த ஊர் மைதானத்தில் யார் தொட்டில் ஆட்டினாலும் அதன் மூலம் அங்கே இருக்கிறது.

அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். பெபெட்டோவின் குழந்தை மத்தேயுஸ் பிறந்தது இரண்டு நாள் முன்பு, ஜூலை 7 அன்று, பிரேசிலில். அப்பாவோ அமெரிக்காவில், அணியோடு. உலகமே கொண்டாடிய அந்தத் தொட்டில், பிள்ளையை இன்னும் கையில் வாங்காத ஒரு தகப்பனுடையது. இறுதி ஆட்டம் ஜூலை 17-இல்தான் நடந்தது. சின்ன வயதில் அந்தக் காட்சியை மகிழ்ச்சியின் உச்சமாகவே பார்த்தேன். எனக்கும் ஒரு பிள்ளை பிறந்த பிறகு பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்த வெறுங்கைதான். அன்றைக்கு அது தவறாக யாருக்கும் தோன்றவில்லை. உலகக் கோப்பை நடக்கும்போது வீட்டுக்குப் போவதாவது என்பதுதான் அந்தக் காலத்துப் பேச்சு.

24 ஆண்டு கழித்து, 2018-இல் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் ஃபேபியன் டெல்ஃப் அப்படிச் செய்யவில்லை. குழுச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் பெல்ஜியத்துக்கு எதிராக ஆடிவிட்டு, மூன்றாவது பெண் குழந்தையின் பிறப்புக்காக ஊருக்கு விமானம் ஏறினார். கொலம்பியாவுடன் நடந்த நாக்-அவுட் ஆட்டத்தில் அவர் இல்லை. பயிற்சியாளர் கேரத் சவுத்கேட் வெளிப்படையாகவே அவர் பக்கம் நின்றார். டெல்ஃப் திரும்பி வந்து, சுவீடனுக்கு எதிரான காலிறுதியில் மாற்று வீரராக இறங்கினார். அதே 2018 மார்ச் 10 அன்று பார்சிலோனா மலாகாவுக்குப் போய் ஆடியபோது மெஸ்ஸி அணியில் இல்லை. அன்றுதான் அவருடைய மூன்றாவது மகன் சீரோ பிறந்தான். பார்சிலோனா 2–0 என்று வென்றது. தோற்றிருந்தாலும் அந்த நாளில் அவர் இருக்க வேண்டிய இடம் அதுதான் என்பேன்.

நம் சுனில் சேத்ரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஜூன் 12, புவனேஸ்வரத்தின் கலிங்கா மைதானம், வனுவாட்டு அணிக்கு எதிரான ஆட்டம். 81-ஆவது நிமிடத்தில் இடது காலால் அவர் அடித்ததுதான் அன்றைய ஒரே கோல். உடனே பந்தை எடுத்து ஜெர்சிக்குள் செருகிக்கொண்டு, கேலரியில் இருந்த மனைவி சோனத்தைப் பார்த்தார். ‘நாங்கள் அம்மா அப்பா ஆகப்போகிறோம்’ என்பதற்கு அதற்குமேல் அறிவிப்பு தேவைப்படவில்லை. ஆகஸ்ட் 30 அன்று மகன் பிறந்தான். அடுத்த சில நாள்களிலேயே தாய்லாந்தில் கிங்ஸ் கோப்பை. கேப்டன் போகவில்லை. நாட்டுக்காக அத்தனை கோல் போட்டவர், அணிக்கு அவர் எவ்வளவு தேவை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் வீட்டில் இருந்தார். ரசிகனாக அவரை நான் அதிகம் மதித்த தருணங்களில் அதுவும் ஒன்று.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆண் வீரர் பிள்ளை பிறந்த நேரத்தில் வீட்டில் இருப்பது இன்றைக்கும் உறுதியான உரிமை இல்லை. தாயாகும் வீராங்கனைகளுக்கு 2021 ஜனவரி முதல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா குறைந்தது 14 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. சம்பளத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். 2024-இல் அதைப் பயிற்சியாளர்களுக்கும் நீட்டித்தார்கள். தத்தெடுப்பவர்களுக்கும், குழந்தையைச் சுமந்து பெறாத தாய்க்கும் விடுப்பு சேர்த்தார்கள். நல்ல மாற்றம், தாமதமாக வந்தாலும். தகப்பன்களுக்கு உலகளவில் அப்படி ஒரு விதி அதில் இல்லை. அந்தந்த நாட்டுத் தொழிலாளர் சட்டமும், கிளப்பின் மனதும், பயிற்சியாளரின் மனதும்தான். பிரிட்டனில் தகப்பன்களுக்கு இரண்டு வார விடுப்பு சட்டத்தில் உண்டு. ஆனாலும் இரண்டு வாரம் முழுதும் எடுத்துக்கொள்ளும் முதல் நிலை கால்பந்து வீரரைப் பார்ப்பது அரிது. வாரம் இரண்டு ஆட்டம் நடக்கும் பருவத்தில் ‘ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா’ என்பதே பெரிய சலுகையாக இருக்கிறது.

இங்கேதான் ரசிகர்களின் வாழ்த்துக்கு எடை கூடுகிறது. பயிற்சியாளர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பத் தயங்குவது பெரும்பாலும் எதற்காக? தோற்றால் கேலரி என்ன சொல்லும் என்பதற்காக. அந்தக் கேலரியே ‘போயிட்டு வாங்க அண்ணே, நாங்க பார்த்துக்கறோம்’ என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அந்தத் தயக்கத்தில் பாதி கரைந்துவிடும். உங்கள் குழுவில் முகம் சுளித்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: நம் வாழ்த்து அவருக்குக் கிடைக்கும் விடுப்பின் ஒரு பகுதி.

இனி, எதையும் கேட்காதீர்கள் என்றேனே, அதற்கு வருகிறேன். பொதுவாக வரும் வாழ்த்து எப்படி இருக்கும்? ‘வாழ்த்துகள் அண்ணே! வர்ற ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்காக ஒரு ஹாட்ரிக் வேணும்!’ எழுதியவருக்குப் பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதைப் படிப்பவர் நேற்றிரவு மூன்று முறை எழுந்தவர். பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாலுக்கு அழும். வசதி எவ்வளவு இருந்தாலும் அந்த அழுகை எந்த வீட்டிலும் ஒன்றுதான். தூக்கம் கெட்ட உடம்பு மறுநாள் ஓடும்போது அரை நொடி தாமதிக்கும், தசை இறுகும். முதல் சில வாரங்களில் ஆட்டம் சற்று மங்குவது இயல்பு. அந்த நேரத்தில் பாப்பாவின் பெயரில் ஹாட்ரிக் கேட்பது, வாழ்த்துக்குள் ஒரு கணக்குச் சீட்டை வைத்து நீட்டுவதுபோல.

‘ராசி’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். நம் வாயில் எளிதாக வரும் சொல் அது. அப்பாவான வாரத்தில் அவர் கோல் போட்டால் ‘பாப்பா பிறந்த ராசி’ என்கிறோம். கேட்க இனிமையாக இருக்கிறது. பெனால்டியைத் தவறவிட்டால்? அதே வாய் எதைச் சொல்லும் என்று எல்லோருக்கும் தெரியும். பிறந்து பத்து நாள் ஆன பிள்ளையைப் புள்ளிப் பட்டியலோடு முடிச்சுப் போட வேண்டாம். நல்லதுக்கும் வேண்டாம்.

‘அடுத்த ஸ்டார் பிறந்தாச்சு’, ‘குட்டிச் சிங்கம் இன்னும் 18 வருஷத்தில் நம் ஜெர்சியில்’ என்பதும் இதே வகைதான். இதற்கும் டாலஸ் படமே பதில் சொல்லும். அன்று தாலாட்டு வாங்கிய மத்தேயுஸ் உண்மையிலேயே கால்பந்து வீரரானார். ஃபிளமெங்கோவுக்கும், போர்ச்சுகலில் எஸ்டோரிலுக்கும் ஸ்போர்ட்டிங்குக்கும் போனார். மதிப்பான தொழில் வாழ்க்கைதான். ஆனாலும் எங்கே போனாலும் ‘அந்தத் தொட்டில் குழந்தை’ என்ற அறிமுகம் அவருக்கு முன்னால் போய் நின்றது. பிரேசிலின் முதன்மை தேசிய அணிக்கு அவர் ஆடவில்லை. இப்போது பெபெட்டோவின் பக்கத்தில் நின்று தாலாட்டிய மசீனியோவைப் பாருங்கள். அவர் வீட்டில் அப்போது இரண்டு சிறுவர்கள்: 1991-இல் பிறந்த தியாகோ, 1993-இல் பிறந்த ரஃபீனியா. அந்த மைதானத்தில் அவர்களுக்காக யாரும் கையை ஆட்டவில்லை. தியாகோ அல்காந்தரா ஸ்பெயினுக்கு ஆடினார், ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப்போடு, ஐரோப்பியக் கிளப்களின் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் வென்றார். ரஃபீனியா பிரேசிலோடு 2016 ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். எந்தப் பிள்ளை எதுவாகும் என்று கேலரியால் கணிக்க முடியாது. கணித்து அந்தப் பிஞ்சின் தோளில் ஏற்றவும் கூடாது.

அம்மாவை மறந்துவிடாதீர்கள். நூறு வாழ்த்தைப் படித்தால் எண்பதில் ‘அப்பாவாயிட்டீங்க, கலக்கிட்டீங்க’ என்றுதான் இருக்கும். பத்து மாதம் சுமந்து பெற்றவர் எங்கேயும் இருக்கமாட்டார். ‘தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்’ என்று நம் பெரியவர்கள் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். தாய் முதலில். அந்த வரிசை சரியானது.

எப்போது வாழ்த்துவது என்பதும் முக்கியம். அவரோ அவர் மனைவியோ கிளப்போ சொன்ன பிறகு மட்டும். ‘மருத்துவமனைப் பக்கம் பார்த்தோம்’, ‘தெரிந்தவர் சொன்னார்’ என்று முந்திக்கொள்ளாதீர்கள். கர்ப்பம் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கிறிஸ்டியானோ ரொனால்டோவும் அவர் துணைவி ஜார்ஜினாவும் இரட்டைக் குழந்தைகளை எதிர்பார்ப்பதாக 2021 அக்டோபரில் சொன்னார்கள். உலகம் முழுவதிலிருந்தும் வாழ்த்து குவிந்தது. 2022 ஏப்ரல் 18 அன்று, பிரசவத்தில் ஆண் குழந்தை இறந்துவிட்டதாகவும், பெண் குழந்தை பிழைத்திருப்பதாகவும் அறிவித்தார்கள். ஒரே நாளில் ஒரு பிறப்பும் ஓர் இறப்பும். எந்த அட்டையிலும் அதற்கான வாசகம் அச்சாகியிருக்காது.

மறுநாள் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் ரொனால்டோவின் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆடின. இங்கிலாந்தில் அதைவிடக் கசப்பான பகை குறைவு. ரொனால்டோ அணியில் இல்லை. ஏழாவது நிமிடம், அவருடைய ஜெர்சி எண், வந்ததும் மைதானம் முழுவதும் எழுந்து ஒரு நிமிடம் கைதட்டியது. லிவர்பூல் ரசிகர்கள் தங்கள் பாட்டான ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ பாடினார்கள். எதிரணி வீரருக்கு, அதுவும் அங்கே இல்லாத ஒருவருக்கு. லிவர்பூல் அன்று 4–0 என்று வென்றது. அந்த ஸ்கோரை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த ஏழாவது நிமிடம் தேடாமலே நினைவுக்கு வருகிறது. நான்கு நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக ரொனால்டோ திரும்பி வந்து கோல் போட்டு, வானத்தை நோக்கிக் கையை உயர்த்தினார்.

எதிரணி வீரரை வாழ்த்தலாமா என்று யாராவது கேட்டால் இதுதான் பதில். பகை 90 நிமிடத்துக்கானது. பிள்ளைகளை இழுத்துக் கேலிப் பாட்டு பாடும் கூட்டங்களும் உலகத்தில் உண்டு. அவற்றைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. உங்கள் குழுவில் யாராவது அப்படி ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவரே நிறுத்த வேண்டும்.

ரசிகர்கள் ஒரு தகப்பனுக்குச் சொன்னவற்றில் என்னை மிகவும் உலுக்கியது இன்னொன்று. 2015-இல் பெர்லினில் பார்சிலோனா சாம்பியன்ஸ் லீக் வென்றபோது, பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே தன் சின்ன மகள் ஷனாவோடு மைதானத்தின் நடுவே கிளப் கொடியை நட்டார். 2019-இல், ஒன்பது வயதில், எலும்புப் புற்றுநோயால் ஷனா இறந்துவிட்டாள். 2025 மே 31 அன்று மியூனிக்கில் அவர் பயிற்சியில் பாரிஸின் பிஎஸ்ஜி கிளப் 5–0 என்று இத்தாலியின் இன்டரை வென்று அதே கோப்பையைத் தூக்கியதும், பிஎஸ்ஜி ரசிகர்கள் கேலரியில் பெரிய ஓவியத் துணி ஒன்றை விரித்தார்கள். அதில் அப்பாவும் மகளும் கொடி நடுகிறார்கள், இம்முறை பாரிஸ் கொடியை. அந்தப் பழைய புகைப்படம் வேறொரு கிளப்புடையது. இருந்தும் அவருடைய நினைவில் எது இருக்கும் என்று யோசித்து, அதையே வரைந்தார்கள். அதில் அணிக்கான கோரிக்கை எதுவும் இல்லை. பேனர் எழுத உட்காரும்போது இதை மனதில் வையுங்கள்: வீரர்களில் எவருக்கும் பொருந்தும் வாசகத்தைவிட, இந்த மனிதருக்கு மட்டும் பொருந்தும் ஒரு வரி மேல். பிரான்ஸ் வீரர் அந்த்வான் கிரீஸ்மனின் மூன்று பிள்ளைகளும் 2016, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் ஒரே தேதியில், ஏப்ரல் 8 அன்று பிறந்தவர்கள். அவரை வாழ்த்துகிறவர்களுக்கு அந்தத் தேதி ஒன்றே போதும். உங்கள் வீரருக்கும் அப்படி ஏதாவது இருக்கும், தேடுங்கள்.

சரி, நடைமுறை. வாசகம் நான்கு சொல்லுக்கு மேல் போனால் மைதானத்திலிருந்து படிக்க முடியாது. ‘வாழ்த்துகள்’ என்று எழுதுங்கள். ‘க்’ நடுவில் வேண்டாம். பிழையோடு பத்தடி உயரத்தில் தொங்கினால் அதுதான் முதலில் கண்ணில் படும். பேனரில் குழந்தையின் முகம் வேண்டவே வேண்டாம். பல வீரர்கள் பிஞ்சுக் கையையோ பாதத்தையோ மட்டும் படமெடுத்துப் போடுவது யோசித்துச் செய்வது. அவர்கள் மறைத்ததை நாம் தேடி எடுத்துப் பெரிதாக்கக் கூடாது. பெயரும் அப்படித்தான், அவர்களாகச் சொன்னால் மட்டும். பேனர் கொண்டு வருவதைக் கிளப்பிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐரோப்பாவின் முதன்மைக் கிளப்களில் ரசிகர் தொடர்பு அலுவலர் என்று ஒருவர் கட்டாயம் இருப்பார், அளவும் இடமும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். பரிசு அனுப்புவதென்றால் கிளப் முகவரிக்கு. வீட்டு வாசலுக்கு யாரும் போக வேண்டாம், அன்பாகத்தான் போகிறோம் என்றாலும்.

உள்சட்டையில் வாழ்த்து எழுதி அவரிடம் கொடுக்கலாம், கோல் போட்டதும் காட்டட்டும் என்ற யோசனை அடிக்கடி வரும். அதைக் கைவிடுங்கள். ஜெர்சியைக் கழற்றினால் மஞ்சள் அட்டை, 2004 முதல் அதில் விலக்கே இல்லை. 2010 உலகக் கோப்பை இறுதியில் இறந்துபோன நண்பர் டானி ஹார்க்கேயின் பெயரை உள்சட்டையில் காட்டிய ஸ்பெயினின் இனியெஸ்டாவுக்கும் மஞ்சள்தான். 2014 முதல் உள்சட்டையில் எந்த வாசகத்தையும் படத்தையும் காட்டக் கூடாது என்று விதி இன்னும் இறுகிவிட்டது. பந்தை ஜெர்சிக்குள் வைப்பது, விரல் சூப்புவது, தொட்டில் ஆட்டுவது, இவற்றுக்குத் தடையில்லை. 2012 ஜூனில் எக்குவடோருக்கு எதிராக மெஸ்ஸி பந்தைச் செருகித்தான் முதல் மகன் வரப்போவதைச் சொன்னார்.

ஜெர்சி எண்ணுக்குரிய நிமிடத்தில் கைதட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. அந்தக் கைதட்டல் பெரும்பாலும் இழப்புக்கும் நோய்க்கும் உரியதாகப் பழகிவிட்டது. ஒன்றும் தெரியாமல் டிவியில் பார்ப்பவர் பதறிப்போவார்.

அட்டையில் எழுத ஒரு மாதிரி கேட்டால், நான் இப்படி எழுதுவேன்: ‘அண்ணே, அப்பாவாயிட்டீங்க! அண்ணியும் பாப்பாவும் நல்லா இருக்கணும். நீங்க மெதுவா வாங்க. நாங்க இங்கேதான் இருப்போம்.’

அவர் திரும்பி வரும் முதல் ஆட்டத்தில், கேலரி முழுவதும் எழுந்து கைகளைச் சேர்த்துத் தொட்டில் ஆட்டுங்கள். பாட்டு வேண்டியதில்லை, ஆயிரம் பேர் ஒரே தாளத்தில் ஆட்டினாலே அவருக்குப் புரியும். அதை அவர் கோல் போட்ட பிறகு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே ஆட்டிவிடுங்கள். அன்று மாற்று வீரர்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றால், உடம்பைச் சூடேற்றக் கோட்டோரம் ஓடி வருவாரே, அப்போது.